வலதுகைத் தண்ணீர்

கருங்கால்பட்டுக்கு எல்லாம் வரும், கடிதம் வரும், கறுப்பு டிரங்குப் பெட்டி வரும், கொடி போர்த்திய பெட்டிகூட மூன்று தரம் வந்திருக்கிறது, மழை ஒன்றுதான் வராது. வீட்டுக்கு ஒரு ஆம்பளையைப் பட்டாளத்துக்கு அனுப்புகிற ஊர் அது. அனுப்பாத வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள், கொடுத்தாலும் கல்யாணப் பந்தியிலேயே முணுமுணுப்பார்கள். ஒருத்தன் சர்வீஸ் முடித்துத் திரும்பினால் அவனை ஊர் எல்லையில் நிறுத்தி, மேளம் அடித்து, மாலை போட்டு, வீட்டுக்கு ஒரு செம்பு என்று எல்லாப் பெண்களும் அவன் வெறுங்காலில் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் உள்ளே விடுவார்கள், எங்கெங்கோ மிதித்துவிட்டு வந்த கால், ஊர் மண்ணில் குளிர்ந்து இறங்கட்டும் என்று எந்தக் காலத்திலோ யாரோ ஆரம்பித்து வைத்த வழக்கம். எங்கே மிதித்தாய் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை, அதுவும் வழக்கம்தான்.

ஹவில்தார் தணிகாசலம் பத்தொன்பது வருஷம் முடித்துத் திரும்பிய சித்திரையில் ஊரில் ஆயிரத்து இருநூறு அடிக்குப் போர் போட்டும் புழுதிதான் கிளம்பியது, லாரித் தண்ணீர் வாரத்துக்கு இரண்டே தரம், அதனால் செம்பு வேண்டாம், வீட்டுக்கு அரை டம்ளர் போதும் என்று பெண்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். கடைசி அரை டம்ளர் அவன் பெண்டாட்டி சம்பூரணத்தினுடையது. ஏழு வயசு மகள் மகிழினி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு மாசம் மட்டும் பார்த்திருந்த அப்பாவைப் புது வாத்தியாரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றது. சம்பூரணம் ஊற்றினாள், தண்ணீர் அவன் பாதத்தில் பட்டு மண்ணுக்குள் போனது, போன பிறகும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. காலிலிருந்து இல்லை, கையிலிருந்து. தொங்கவிட்ட வலதுகையின் ஐந்து விரல் நுனியிலும் முதலில் சொட்டாகவும், பிறகு நூலாகவும், பிறகு கயிறாகவும் தண்ணீர் இறங்கியது.

எதிர்வீட்டுக் கோமளா தன் குடத்தைக் கொண்டுவந்து அந்தக் கையடியில் வைத்தாள். கருங்கால்பட்டுப் பெண்கள் அப்படித்தான், எங்கே சொட்டினாலும் முதலில் குடத்தை வைப்பார்கள், ஏன் சொட்டுகிறது என்பதை அப்புறம் பார்ப்பார்கள். குடம் நிரம்பியது, அடுத்த குடம் வந்தது, மேளக்காரர்கள் மேளத்தை இறக்கிவைத்துவிட்டு அண்டா எடுத்துவர ஓடினார்கள். மாலையும் கழுத்துமாக நின்ற தணிகாசலம் தன் கையையே பார்த்தான். அந்த முகத்தில் ஆச்சரியம் துளிகூட இல்லை, வரவேண்டியது ஒன்று கடைசியில் வந்து சேர்ந்தது என்பதுபோல் இருந்தது, அதைச் சம்பூரணம் ஒருத்திதான் கவனித்தாள்.

இது எப்படி, இது ஏன் என்று ஊரில் இரண்டு நாள் பேசினார்கள், மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள். "மழ பேயலன்னா சாமியத் திட்டறோம், பேஞ்சா ஏன் பேயறேன்னு கேக்கறமா?" என்றார் சுபேதார் வேங்கடபதி. அவர் முன்னாள் பட்டாளத்தார் சங்கத்தின் தலைவர், ரிடையராகி இருபது வருஷமாகியும் சட்டைக் கையை அளவெடுத்து மடிப்பவர், ஊரில் சாவு விழுந்தால்கூட அவர் சொல்கிற நேரத்துக்குத்தான் எடுப்பார்கள். அவர்தான் ஒழுங்கு செய்தார். சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சிமென்ட் தொட்டி, தொட்டிக்குமேல் பலகை, பலகைமேல் தணிகாசலத்துக்கு ஒரு நாற்காலி. ஆட்கள் பார்த்தால் அவன் கூசுகிறான் என்று நாற்காலியைச் சுவரைப் பார்க்கப் போட்டார்கள். காலை ஏழு மணிக்கு விசில், வீட்டு நம்பர்படி வரிசை, வரிசையில் பேச்சுக் கூடாது. அந்தக் கையும் பட்டாளத்துக் கைதானே, ஒரே வாரத்தில் பழகிவிட்டது. மற்ற நேரமெல்லாம் சும்மா சொட்டும், ஏழு மணி விசிலுக்குத்தான் கொட்டும்.

ஊர் செழித்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பத்து வருஷமாகக் கட்டாந்தரையாகக் கிடந்த கொல்லைகளில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டார்கள், பெண்கள் தலைக்குக் குளித்தார்கள், தெருவில் பிள்ளைகள் ஒருத்தர்மேல் ஒருத்தர் தண்ணீர் தெளித்து விளையாடியதைப் பார்த்துப் பெரியவர்கள் திட்டாமல் சிரித்தார்கள். லாரிக்காரனிடம் இனி வராதே என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினார்கள். ஆடுகள் மட்டும் அந்தத் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் தள்ளிப் போயின, ஆட்டுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்கள்.

சம்பூரணத்துக்கு மட்டும் அந்தச் செழிப்பு ஒட்டவில்லை. வந்த நாலாம் நாள், குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தவனின் தலையை ஆசையாகத் துவட்டலாமென்று ஈரத் துண்டை அவன் தலைமேல் போட்டாள், துண்டின் முனை முகத்தில் சரிந்ததுதான் தாமதம், அவன் அலறி எழுந்து அவளைச் சுவரோடு தள்ளினான், பிறகு அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "தெரியாம மே, தெரியாம மே" என்று பிதற்றினான். அதற்குப் பிறகு கொடியில் ஈரத்துணி காய்வதைக் கண்டால் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தூங்கும்போது கையை வாளிக்குள் தொங்கவிட்டுத் தூங்கினான், சொட்டுச் சத்தத்துக்குத் தக்கபடி அவன் உதடு அசைந்தது. என்ன முணுமுணுக்கிறான் என்று காதைக் கொடுத்துக் கேட்டாள், எண்ணிக்கொண்டிருந்தான்.

பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் மூச்சு விஷயம் ஊருக்கு உறைத்தது. அந்தத் தண்ணீரில் முதல் மடக்கு வாயில் பட்டதும் முகத்தில் யாரோ நனைந்த துணியைப் போட்டு இறுக்கினதுபோல் இருக்கும், மூச்சு நிற்கும், கொஞ்சம் கழித்துத் தானாக வரும். முதல் நாள் ஒன்று எண்ணும் நேரம், இரண்டாம் நாள் இரண்டு எண்ணும் நேரம், அதனால் யாருக்கும் தெரியவில்லை; இருபதாம் நாள் இருபது எண்ணும் நேரமானபோது பிள்ளைகள் குடிக்க பயந்து அழுதன, ஒரு கிழவர் டம்ளரோடு சாய்ந்துவிட்டார். வேறு ஊராக இருந்தால் தொட்டியை இடித்திருப்பார்கள். கருங்கால்பட்டில் சங்கத்தைக் கூட்டினார்கள். சுபேதார் எழுந்து, "பயம் வர்றது எதனால? எவ்ளோ நேரம்னு தெரியாததால. எண்ணிப் பழகுங்க, பயம் போயிடும். எல்லாரும் ஒண்ணா, விசிலுக்கு ஒரு மடக்கு, முடிஞ்சா முடிஞ்சுது, அப்பறம் நாள்பூரா தொல்ல இல்ல" என்றார். மூச்சு நின்றவன் எப்படி வாய்விட்டு எண்ணுவான்? அந்தத் தண்ணீர் குடிக்காதவன் ஊரில் ஒருத்தன்தான், தணிகாசலம். அவன் முதல் நாளிலிருந்தே அதை வாயில் வைக்கவில்லை. "நீயே எண்ணுப்பா, உனக்குத்தான் வாய் சும்மா கீது" என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து தினம் காலை ஏழு மணிக்கு விசில் ஊதும், ஊர் முழுக்கத் தொட்டியைச் சுற்றி நின்று ஒரு மடக்கு விழுங்கும், விழுங்கினபடியே வாயைத் திறந்து, கண்ணை விரித்து, ஆணும் பெண்ணும் பிள்ளையும் அசையாமல் நிற்கும், சுவரைப் பார்த்த நாற்காலியில் ஒருத்தன் கையை நீட்டித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு, பட்டாளத்து இந்திக் கணக்கில், ஏக், தோ, தீன் என்று எண்ணுவான். பார்க்கவே ஈரக்குலை நடுங்கும் காட்சி, ஆனால் தினம் பார்த்தால் எதுதான் பழகாது? நாற்பதாம் நாளில் அது பள்ளிக்கூடப் பிரேயர் மாதிரி ஆகிவிட்டது. ஆள் எடுப்புக்குப் பயிற்சி எடுக்கிற பையன்களுக்கு ஒரே கொண்டாட்டம், மாரளவு கூடுகிறது, ஓட்டத்தில் இரைப்பு வாங்குவதில்லை, இந்த வருஷம் நம்ம ஊரில் ஒருத்தனும் தேர்வில் தவறமாட்டான் என்று சுபேதார் ஒவ்வொருத்தன் முதுகிலும் தட்டினார்.

மகிழினிக்குப் பிறந்ததிலிருந்தே வீசிங். பனி நாளில் நெஞ்சு பூனைபோல் கர்ரென்று இழுக்கும். ஐம்பதாம் நாள் எண்ணிக்கை முடிந்து எல்லாரும் மூச்சை இழுத்துவிட்டுக் குடத்தைத் தூக்கியபோது அந்தப் பிள்ளை மட்டும் இழுக்க முடியாமல் மண்ணில் குந்திக்கொண்டது, உதடு நாவல்பழம் தின்றதுபோல் ஆகியிருந்தது. சம்பூரணம் அதற்குப் பிறகு ஒரு சொட்டு அந்தத் தண்ணீரை மகளுக்குக் கொடுக்கவில்லை, கேன் தண்ணீர் வாங்கினாள். பிரயோசனமில்லை. மூச்சு ஏழு மணியைப் படித்துக்கொண்டுவிட்டது. அறுபதாம் நாள் சாயங்காலம் பிள்ளையை இழுத்துக்கொண்டு போளூரில் அண்ணன் வீட்டுக்கு பஸ் ஏறினாள். மறுநாள் காலை, அண்ணன் வீட்டு அடுப்படியில், இட்லியை வாய்க்குக் கொண்டுபோன பிள்ளை அப்படியே நின்றது, பார்த்த சம்பூரணமும் நின்றாள், இரண்டு பேர் மூச்சும் ஒன்றாக நின்றதைக் கண்டு அண்ணி குய்யோ முறையோ என்று கத்தினாள், சம்பூரணம் மனசுக்குள் எண்ணினாள், அறுபத்தொன்றில் மூச்சு திரும்பியது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லையே அம்மா என்றார். ஓடிப் போய்த் தப்பிக்கிற காரியமில்லை இது என்று தெரிந்துகொண்டு அவள் திரும்பி வந்தாள்.

எழுபத்து நாலாம் நாள் மத்தியானம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், வலதுகை வாளியில், இடதுகையால் சோறு. சம்பூரணம் எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, நான் ஒண்ணு கேக்கறன். இது எந்தத் தண்ணி?"

அவன் பிசைந்த சோற்றை வைத்துவிட்டான். பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"ஒரு ஆளுமே. மல மேல முகாம்ல இருந்தப்போ புடிச்சாந்தாங்க. கை கட்டு, கண்ணு கட்டு. இன்னா கேட்டாலும் தெரியாதுன்னான், நெசமாவே தெரியாதோ இன்னாவோ. தண்ணி வேணும்னு கேட்டான். கேட்டதக் குடுங்கடான்னு சாகிப் சிரிச்சாரு. மல்லாக்கப் போட்டு மூஞ்சில துணியப் போட்டாங்க. நான்தான் ஊத்தறவன். கை நடுங்காதவன்னு என்ன வெச்சாங்க. முப்பது எண்ணணும், முப்பதுல துணியத் தூக்கணும், கேள்வி கேக்கணும், மறுபடி போடணும். அதுதான் ரூலு. பதினோரு நாளு."

"அப்பறம்?"

"கடசி நாளு சாகிப்புக்கு போன் வந்துச்சு. நான் வர்ற வரிக்கும் நிறுத்தாதன்னுட்டு வெளிய பூட்டாரு. முப்பது வந்துச்சு. நாப்பது வந்துச்சு. ரூம்ல இன்னும் ரெண்டு பேரு, என்னப் பாக்கறாங்க, நான் அவங்களப் பாக்கறன். எண்ணிக்கினே இருந்தேன். தொண்ணூறுல காலு ஆடறது நின்னுடுச்சி. சரிவுல வுழுந்துட்டான்னு எழுதிட்டாங்க."

"நீ நிறுத்தியிருக்கலாம் இல்ல?"

"யாரும் நிறுத்தச் சொல்லலயேமே."

அதைச் சொல்லும்போது அவன் முகம் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை முகமாக இருந்தது. அவளுக்கு அவனை அறையவேண்டும்போல் இருந்தது, எழுந்து கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தாள். லீவில் வந்தபோதெல்லாம் இந்தக் கையால்தானே பிள்ளைக்குத் தலை வாரினான், இந்தக் கையை எடுத்துத்தானே நான் என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன் என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது. திரும்பி வந்தபோது அவன் அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"அவனுக்குப் புள்ள குட்டி இருந்துச்சா?"

"கேக்கல."

"பாக்க எப்டி இருந்தான்?"

"தெரியாது. துணிய எடுத்தப்பவும் நான் வேற பக்கம் பாத்துக்கினேன். பதினோரு நாளு ஊத்தினேன், மூஞ்சி தெரியாது."

"கைய மூடிடு மாமா. தொண்ணூறுல அவனுக்கு மூச்சு வரல. நம்ம புள்ளைக்கும் வராது. மூடிடு."

"மூடினா உள்ள ஏறுதுமே. நெஞ்சுக்கு வருது, தொண்டைக்கு வருது. வந்த அன்னிக்கே மூடிப் பாத்தேன். பத்து எண்றதுக்குள்ள திறந்துட்டேன்." அவன் முதல் தரமாக அவளைப் பார்த்தான். "அவன் தொண்ணூறு தாங்கினான். எனக்குப் பத்து தாங்கலமே."

அவள் சுபேதாரிடம் போனாள். பாதி சொல்லும்போதே அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "எனக்குத் தெரியாதாம்மா? அந்தக் கை சொட்டறதப் பாத்த அன்னிக்கே தெரியும். இந்த ஊர்ல பட்டாளம் போய் வந்தவன் எவன் கைய வேணா புடிச்சுப் பாரு, ஏதோ ஒண்ணு ஒட்டிக்கினுதான் கீது. உன் புருசன் கையில தண்ணி வந்துச்சு, ஊருக்கு ஒதவுது. எங்க கையில அதுகூட வரல." அவர் தன் சட்டைக் கை மடிப்பை ஒரு தரம் சரிசெய்துகொண்டார். "புள்ளைக்கு நல்ல டாக்டரா பாக்கலாம். இத வெளிய பேசாத."

அவள் பேசாமல் இல்லை, தினமும் புருஷனிடம் பேசினாள். ஊர் நடுவில் சொல்லிவிடு, கேட்டால் மனுஷர்கள்தானே, பயந்தாவது தொட்டியை மூடுவார்கள் என்றாள். நாளைக்கு, நாளைக்கு என்றான் அவன். எழுபத்தெட்டு, எண்பது, எண்பத்து நாலு. பிள்ளை இப்போதெல்லாம் ஆறரை மணிக்கே அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இன்னிக்கு எவ்ளோம்மா?" என்று கேட்கும். எண்பத்தொன்பதாம் நாள் எண்ணிக்கை முடிந்து பிள்ளைக்கு நினைவு திரும்ப வெகுநேரம் ஆனது. கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருந்த சம்பூரணம் நிமிர்ந்து பார்த்தபோது, தணிகாசலம் நாற்காலியை விட்டு எழுந்து ஊரைப் பார்த்து நின்றிருந்தான்.

சொன்னான். அவளிடம் சொன்னதையே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், கை சொட்டச் சொட்டச் சொன்னான். நாளைக்குத் தொண்ணூறு, நாளைக்கு நின்ற மூச்சு வராது என்றும் சொன்னான். பழைய பட்டாளத்துக்காரர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். பெண்கள் புருஷன்மார்களைப் பார்த்தார்கள், ஒருத்தி மட்டும் தன் புருஷன் பக்கத்திலிருந்து இரண்டு அடி தள்ளி நின்றாள். ஒரு குழந்தை சிணுங்கியது. சம்பூரணம் பிள்ளையை அணைத்தபடி, முடிந்தது, இத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

கோமளா இடுப்புக் குடத்தை இறக்கி வைத்தாள். அவள் நல்லவள், மகிழினிக்கு இழுப்பு வந்தால் முதலில் ஓடிவருபவள்.

"கேக்கவே பாவமாத்தான் கீது யக்கா. அந்த ஆள நெனச்சா சோறு எறங்காது. ஆனா மல்லாட்ட காய் புடிக்கிற நேரம். எண்பத்தொம்போது தரம் வந்த மூச்சு தொண்ணூறாவது தரம் வராமயா பூடும்?" அவள் குடத்தை மறுபடி எடுத்தாள். "சொல்லி முடிச்சாச்சு இல்ல. அண்ணனக் கைய நீட்டச் சொல்லு."

யாரும் அவளை அதட்டவில்லை. முதலில் ஒருத்தர், பிறகு இருவர், பிறகு எல்லாரும் வீட்டு நம்பர்படி வரிசையில் போய் நின்றார்கள். தணிகாசலம் சுபேதாரைப் பார்த்தான், அவர் தலையை அசைத்தார், அவன் கை தானாக நீண்டது. பயங்கரம் என்று சம்பூரணம் அதுவரை நினைத்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

தொண்ணூறாம் நாள் அவள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. இரவெல்லாம் யோசித்து ஒன்றைத்தான் கண்டுபிடித்திருந்தாள். விசில் ஊதினபிறகு ஊரில் ஒருத்தருக்கும் மூச்சிருக்காது, சுபேதாருக்கும் இருக்காது, அவளுக்கும் இருக்காது. நிறுத்து என்று சொல்ல ஒரு வாய் இருக்காது. மூச்சோடு இருக்கிறவன் அவன் ஒருத்தன்தான், நிறுத்தினால் அவனாக நிறுத்தவேண்டும். அன்றைக்கு எது இல்லாமல் எண்ணினானோ அதை மட்டும் அவன் முன்னால் வைக்கலாம், அவ்வளவுதான் அவளால் முடியும். ஒருகால் அவன் அப்போதும் எண்ணிக்கொண்டே போனால்? அதற்குமேல் அவள் நினைக்கவில்லை.

ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தொட்டிமேல் ஏறினாள், அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பிடித்துப் பலகை கிறீச்சிட ஊர்ப்பக்கமாகத் திருப்பினாள், மகிழினியைத் தூக்கி அவன் மடியில் அவன் முகத்துக்கு நேராக உட்காரவைத்தாள்.

"இவ மூஞ்சியப் பாத்துக்கினே எண்ணு மாமா. வேற எங்கயும் பாக்கக் கூடாது. நான் உன்ன ஒண்ணும் சொல்லமாட்டேன். சொல்லவும் முடியாது."

"வேணாம்மே. கூட்டிம் போ. வேணாம்."

"எங்க கூட்டிம் போறது?" என்றாள் அவள்.

பிள்ளை அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. "இன்னிக்கு எவ்ளோப்பா?" என்றது. விசில் ஊதியது.

கை கொட்டியது. ஊர் மொத்தமும் வாயைத் திறந்தபடி நின்றது. சம்பூரணத்தின் முகத்தில் நனைந்த துணி வந்து இறுகியது, கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. ஏக், தோ, தீன் என்று அவன் குரல் ஆரம்பித்தது. முப்பதில் பிள்ளை பொத்தானை இன்னும் இறுக்கிப் பிடித்தது. நாற்பதில் அதன் கழுத்து நரம்பு எழும்பியது, ஐம்பதில் அவன் குரல் நடுங்கியது, நடுங்கினாலும் நிற்கவில்லை. அது அவன் குரலாகவே இல்லை, பத்தொன்பது வருஷமாக யாரோ உள்ளே வைத்துவிட்டுப் போன குரல், அதற்கு எண்ணத்தான் தெரியும். அறுபது. பிள்ளையின் உதடு கறுத்தது. அது அழவில்லை, அழ மூச்சு வேண்டுமே, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, ஏன் நிறுத்தமாட்டேன் என்கிறாய் என்றுகூட அந்தப் பார்வை கேட்கவில்லை, அப்பாவுக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தது. எழுபது. சம்பூரணத்துக்குப் பார்வை ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. ஐயோ மாமா, ஐயோ மாமா என்று நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டாள். எண்பது. பிள்ளையின் கண் செருகியது. எண்பத்து மூன்று. பொத்தானைப் பிடித்த விரல் ஒவ்வொன்றாக நழுவியது. எண்பத்து ஆறு என்றான். எண்பத்து ஏழு என்று வாயெடுத்தவன் அதைச் சொல்லாமல், "கண்ணைத் தொறடி, ஏ கண்ணைத் தொறடி" என்று கத்தினான், கத்திக்கொண்டே வலதுகையை முஷ்டியாக மூடினான்.

தண்ணீர் நின்றது. ஊர் முழுக்க ஒரே மூச்சாக இழுத்த சத்தத்தில் சங்கத்து ஓட்டின்மேல் இருந்த புறாக்கள் பறந்தன. மகிழினி இருமியது, இழுத்தது, மறுபடி இருமியது, சம்பூரணம் பாய்ந்து அதைத் தூக்கி முதுகைத் தேய்த்தாள். வந்துவிட்டது, மூச்சு வந்துவிட்டது. அப்புறம்தான் அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் நாற்காலியில் விறைத்திருந்தான், கழுத்து வீங்கி, வாய் திறந்து, காலால் பலகையை உதைத்துக்கொண்டிருந்தான், முஷ்டியை இடதுகையாலும் பிடித்து மார்போடு அழுத்தியிருந்தான்.

"தணிகாசலம்! கை திற!" என்றார் சுபேதார். "செத்துப்போயிடுவடா, திற!"

அவன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினான். இரண்டு பேர் விரலைப் பிரிக்க ஏறினார்கள், சம்பூரணம் பிள்ளையோடு குறுக்கே நின்றாள், ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் அந்த முஷ்டியைப் பொத்திக்கொண்டாள், உள்ளே அது துடிப்பது தெரிந்தது. திற என்று சொல்ல அவள் நாக்கு எழும்பியது, என்ன இருந்தாலும் தாலி கட்டியவன். பல்லைக் கடித்துக்கொண்டாள். பத்து கடந்தது, முப்பது கடந்தது, அவள் எண்ணவில்லை, ஆனால் தெரிந்தது. எவ்வளவோ நேரம் கழித்து அவன் கண் இரண்டும் உடைந்தன. கண்ணீர் கன்னம் வழியாக, தாடை வழியாக, சட்டை நனைந்து பலகை நனைந்து வழிந்தது, அதற்குப் பிறகுதான் அவன் நெஞ்சு ஏறி இறங்கியது.

கோமளா கிட்டே வந்தாள். அவன் கன்னத்தில் ஒரு விரலை வைத்து எடுத்து நாக்கில் தொட்டுப் பார்த்தாள்.

"உப்பு யக்கா," என்றாள். "செடிக்கு ஊத்தினா கருகிடும்."

அவர்கள் கலைந்து போனார்கள். அவனை யாரும் திட்டவில்லை, கும்பிடவும் இல்லை. அன்று முழுக்கச் சம்பூரணம் அவனுக்கு ஊட்டிவிட்டாள், அந்த முஷ்டி திறக்கவில்லை, தூக்கத்தில் தளர்ந்துவிடுமோ என்று பயந்து தன் பழைய பாவாடை நாடாவால் கட்டினாள். ஒரு வாய் தண்ணீர் கொடுக்கும்போது அவன் கண் மிரண்டது, அவள் டம்ளரை நிறுத்தி, "போதுமா, இன்னும் வேணுமா?" என்று கேட்டாள், அவன் சொல்லும் வரை காத்திருந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு விசில் ஊதவில்லை. தெருவில் ஆள் அரவமும் இல்லை. கதவைத் திறக்கப் போன மகிழினி வாசற்படியிலேயே நின்றுவிட்டது.

"யாரு வந்துகீறாங்க?" என்று உள்ளேயிருந்து தணிகாசலம் கேட்டான்.

"யாரும் வரல," என்றாள் எட்டிப் பார்த்த சம்பூரணம். "கொடந்தான் வந்துகீது."

வாசலிலிருந்து தெருக்கோடி வரைக்கும் காலிக் குடங்கள், பச்சை, சிவப்பு, நீலம், வரிசை தப்பாமல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், ஒன்றுக்குப் பின்னாலும் ஆள் இல்லை. மகிழினி விரலை நீட்டி நீட்டி எண்ணிக்கொண்டே தெருக்கோடிவரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தது.

"எண்பத்தஞ்சும்மா" என்றது.

கருங்கால்பட்டில் அவர்கள் வீட்டையும் சேர்த்து மொத்தம் எண்பத்தாறு வீடு.